ஓராண்டு இசைக் கணக்கும் செயலியின் எண்ணிக்கையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசைச் செயலிகள் ஆண்டு முடிவில் ஒவ்வொருவருக்கும் தொகுத்துத் தரும் ‘இந்த ஆண்டில் நீங்கள் கேட்டவை’ என்ற பட்டியலைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒருவர் எதை எத்தனை முறை கேட்டார் என்பதைச் செயலியே எண்ணிச் சொல்லிவிடுவதால், ரசனையைப் பற்றி இனி ஊகம் தேவையில்லை என்பது கட்டுரையாளரின் வாதம். இதில் எனக்கு உடன்பாடில்லை. கடந்த ஓராண்டாகப் பிடித்த இசையை இயன்றவரை ஆல்பமாக விலை கொடுத்து வாங்கிக் கேட்டு வருபவன் நான். என் கணக்கும் செயலியின் கணக்கும் எங்கே பிரிகின்றன என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

செயலி எண்ணுவது ஓடியதைத்தான், கேட்டதை அன்று. ஸ்பாட்டிஃபை செயலியில் ஒரு பாடல் 30 விநாடி ஓடினாலே அது ஒரு முறை ஒலித்ததாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. என் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது உறக்கத்துக்காக இரவு முழுவதும் ஓடவிட்ட மழையோசை. ஆண்டு முழுவதும் நான் மிகுந்த கவனத்தோடு கேட்ட ஆல்பமோ அதில் இடம்பெறவே இல்லை. அதை நான் சிடியில் கேட்டேன், சிடி பிளேயரில் என்ன சுழல்கிறது என்பது செயலிக்குத் தெரியாது. போதாக்குறைக்கு இப்பட்டியல் ஆண்டு முடிவதற்குள்ளாகவே வெளியாகிவிடுவதால், டிசம்பரில் கேட்டவற்றில் பெரும்பகுதி அதில் சேராமல் போகிறது.

பணம் போகும் வழியையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான சேவைகளில் நம் மாதச் சந்தா ஒரு பொதுத் தொகுப்பில் சேர்கிறது; நிறுவனத்தின் பங்கு போக எஞ்சியது, மொத்தமாக ஓடிய எண்ணிக்கையில் எந்தப் பாடலுக்கு எவ்வளவு விகிதம் என்று பார்த்துப் பிரிக்கப்படுகிறது. ஒரு மாதம் முழுவதும் ஒரே ஒரு வயலின் கலைஞரை மட்டுமே நான் கேட்டிருந்தாலும், என் சந்தாவின் பெரும்பகுதி நான் கேட்டே இராதவர்களுக்குத்தான் போய்ச் சேரும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது ஓடாத பாடலுக்கு உரிமத்தொகை இல்லை என்ற விதியும் வந்துவிட்டது. ஒவ்வொரு கேட்பவரின் பணத்தையும் அவர் கேட்டவர்களுக்கே பிரித்துத் தரும் முறையை சவுண்ட்கிளவுட் என்ற இசைச் சேவை 2021இல் தொடங்கியதுண்டு. பெரிய சேவைகள் அந்த வழியில் செல்லவில்லை. இதற்கு மாறாக, பேண்ட்கேம்ப் தளத்தில் ஓர் ஆல்பத்தைக் கோப்பாக வாங்கினால் தளம் எடுத்துக்கொள்வது 15 விழுக்காடு. பணப் பரிமாற்றக் கட்டணம் நீங்கலாக மற்றது கலைஞருக்கோ அவருடைய வெளியீட்டு நிறுவனத்துக்கோ செல்கிறது. அதிகம் பேர் அறியாத இசைக்கலைஞர்களை விரும்பும் எவருக்கும் இந்த வேறுபாடு சிறியதன்று.

ஒலித்தரத்தைப் பற்றி இசைப்பிரியர்கள் செய்யும் ஆரவாரத்தில் பாதியை நான் ஏற்பதில்லை. நல்ல தரத்தில் உருவாக்கிய எம்பி3 கோப்பையும், எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டால் எது எது என்று என் காதால் சொல்ல முடியாது. ஆயினும் கச்சேரிப் பதிவுகளை ஃபிளாக்காகவே வாங்குகிறேன். எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொரு பாடலின் தொடக்கத்திலும் முடிவிலும் நொடியின் சிறு பகுதி அளவுக்கு மௌனம் சேர்ந்துகொள்கிறது. அதை நீக்கிவிடும் பிளேயர்கள் உண்டு, நீக்காதவையும் உண்டு. நீக்காத பிளேயரில் ஒரு பாடலுக்கும் அடுத்ததற்கும் இடையே தொடர்ந்து ஒலிக்கும் கைதட்டல் கண்ணிமைப்பது போல் ஒருகணம் அறுந்து மீண்டும் வருகிறது. ஒருமுறை அதைக் கவனித்துவிட்டால் பிறகு கவனிக்காமல் இருக்க முடிவதில்லை.

ஊசி வைத்துக் கேட்கும் வினைல் இசைத்தட்டுகளுக்கு இப்போது கிடைத்திருக்கும் புகழ் சற்று மிகை என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் 1987க்குப் பிறகு முதன்முறையாக 2022இல் சிடிகளைவிட இசைத்தட்டுகள் எண்ணிக்கையில் அதிகம் விற்றன. ஆனால் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற மாறாத வேகத்தில் சுழலும்போது, மையத்தை நெருங்க நெருங்க ஊசி ஒரு சுற்றில் கடக்கும் தூரம் குறைகிறது. அதே அளவு ஒலி குறுகிய நீளத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால் உச்ச ஒலிகள் அங்கே கரகரக்கத் தொடங்குகின்றன. தட்டின் ஒவ்வொரு பக்கத்தின் இறுதியிலும் அமைதியான பாடல்களை வைக்கும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். தட்டின் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் இருபது நிமிடங்களை ஒட்டி முடிந்துவிடுவதால், எழுந்து போய்த் திருப்பிப் போடும் எண்ணம் இருப்பவர் மட்டுமே கேட்க உட்காருகிறார்.

எனக்கு அதிகம் பயன்பட்டவை யாரும் சீந்தாத பழைய சிடிகளே. 1990களில் தொடங்கி, பிறருடையதைவிடத் தம் ஆல்பம் உரக்க ஒலிக்க வேண்டும் என்ற போட்டி, வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் செப்பனிடும் மாஸ்டரிங் கூடங்களில் வலுத்தது. மெல்லிய இடங்களை உயர்த்தி உச்சங்களை மழுங்கடித்து, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். பழைய ஆல்பங்களின் மறுவெளியீடுகள் பலவும் இதற்குத் தப்பவில்லை. ஆகவே சிடி 1982இல் சந்தைக்கு வந்ததை அடுத்த சில ஆண்டுகளில் வெளியான முதல் பதிப்புகளைத் தேடி வாங்குகிறேன். ஒலி தாழ்வாகத்தான் இருக்கும். சற்றுக் கூட்டி வைத்தால், அடக்கமாகத் தட்டப்படும் டிரம் எங்கே இருக்கிறது, எங்கே அது திடீரென்று எழுகிறது என்பது தெளிவாகக் கேட்கிறது.

அந்தச் சிடிகளுடன் வரும் சிறு கையேடுகள்தான் என் ஆண்டையே வழிநடத்தின. அப்படி வாங்கிய ஒன்றின் கையேட்டில், நான்காம் பாடலில் பேஸ் கிதார் வாசித்தவரின் பெயருக்குக் கீழே முன்பு அதை வைத்திருந்தவர் பென்சிலால் கோடிட்டிருந்தார். ஏன் என்று அறிய அந்தப் பாடலைப் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டேன். பாடகர் மூச்சு விடும் இடங்களில் எல்லாம் ஒரு சுரம் தாமதமாக வந்து நிரப்பும் அந்த வாசிப்பு, அதுவரை என் செவிக்கு எட்டியதே இல்லை. பிறகு அதே பெயரை வேறு ஆல்பங்களின் கையேடுகளில் தேடினேன். அவற்றின் வழியே ஓர் ஒலிப்பதிவாளரின் பெயருக்கும், அவர் பதிவு செய்த ஜாஸ் குழுக்களுக்கும் வந்து சேர்ந்தேன். ஒரு பாடலைப் போன்றதொரு பாடலைத்தான் செயலியின் பரிந்துரை தருகிறது. வாசித்தவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், சற்றும் ஒத்திராத இசையிடம் போய் நிற்க நேர்கிறது. இசைச் செயலிகளில் இப்பெயர்கள் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கும் இடத்திலும் அவை முழுமையாக இல்லை, அங்கே போய்ப் பார்ப்பவரும் அரிது.

வாங்கியதையெல்லாம் கேட்டுவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். உறை பிரிக்காத சிடிகள் அலமாரியில் ஓர் அடுக்கு இருக்கின்றன.

தங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் இதழின் இசை மதிப்புரைகளில் பாடியவர், இசையமைத்தவர் பெயர்களோடு நின்றுவிடாமல், கருவிகளை இசைத்தவர்கள், ஒலிப்பதிவு செய்தவர், மாஸ்டரிங் செய்தவர் ஆகியோரின் பெயர்களையும் தனிக் கட்டத்தில் வெளியிட வேண்டுகிறேன். அந்த ஆல்பம் தட்டாகவோ சிடியாகவோ கோப்பாகவோ விலைக்குக் கிடைக்கிறதா, செயலிகளில் மட்டும்தானா என்பதையும், மறுவெளியீடு என்றால் எந்த ஆண்டு மாஸ்டரிங் செய்யப்பட்டது என்பதையும் அதிலேயே குறிப்பிட்டால், வாங்கிக் கேட்க விரும்பும் வாசகர்கள் வேறெங்கும் தேட வேண்டியிராது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்