முரட்டு ரேசரும் உன் கழுத்தும்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். வீடு மாறிய அலைச்சல் ஓய்ந்துவிட்டது, புத்தகங்கள் மட்டும் இன்னும் பெட்டியிலேயே கிடக்கின்றன.

அப்புறம், நீ போகிறபோக்கில் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இருபக்கமும் கூரான பிளேடு மாட்டும் அந்தப் புது ரேசரில் கன்னம் வழவழவென்று ஆகிறது, கழுத்து மட்டும் தீயாய் எரிகிறது, தூக்கி எறிந்துவிடலாமா என்று எழுதியிருந்தாய். எறியாதே. கோளாறு ரேசரில் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உன்னுடையது முரட்டு ரேசர், கடுமையாக வழிப்பது; மென்மையாக வழிப்பதைச் சாது ரேசர் என்போம். முரட்டு ரேசர் என்றாலே பிளேடு கூர்மையானது என்று பலர் நினைக்கிறார்கள். சாது ரேசரிலும் அதே பிளேடைத்தான் போடுகிறோம். வித்தியாசமெல்லாம், மேல்மூடிக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே பிளேடை வைத்துத் திருகுகிற தலைப்பகுதியில். பிளேடுக்கும் கீழ்த்தட்டின் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்பது ஒன்று. ரேசர்ராக் கம்பெனியின் கேம் சேஞ்சர் ரேசரில் கீழ்த்தட்டுகளுக்குப் பெயரே 0.68, 0.84 என்று அந்த மில்லிமீட்டர் கணக்குதான். ஆனால் இடைவெளியை மட்டும் பார்த்து ஒரு ரேசரை எடை போடக் கூடாது. மேல்மூடியையும் கீழ் விளிம்பையும் தொட்டு ஒரு கோடு இழுத்ததாக நினைத்துக்கொள். பிளேடின் முனை அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தால் சாது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முரடு, தோலை முதலில் தொடுவது பிளேடுதான்.

இன்னொன்று, பிளேடை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பது. பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர்தான். கிங் கேம்ப் கில்லட் 1904-ல் காப்புரிமை பெற்றதே, தனியாக நிற்க முடியாத அளவுக்கு மெல்லிய பிளேடையும் அதைத் தாங்கிப் பிடிக்கும் பிடியையும் சேர்த்துத்தான். வெட்டும் விளிம்புக்குப் பக்கத்திலேயே அழுத்திப் பிடித்திருந்தால் பிளேடு அதிராது. இடைவெளி அதிகமாக இருந்தும் சுகமாக வழிக்கிற ரேசர்களின் சூட்சுமம் இதுதான். முய்லே ஆர்41 ரேசர் மாதிரி, கீழ்த்தட்டில் சீப்புப் பல் வைத்தவற்றில் நுரை வழித்துத் தள்ளப்படாமல் பல்லிடுக்கு வழியாகத் தோலிலேயே தங்கும், நீண்ட முடியும் சிக்காது. மூன்று நாள் தாடிக்கு அதற்கு ஈடு கிடையாது என்பேன்.

சரி, உன் கழுத்து. உன் கை ஒன்றும் புதிது இல்லை, ஆனால் இத்தனை வருஷமாக கார்ட்ரிட்ஜ் ரேசரை அழுத்தி இழுத்தே பழகியது. இதில் அழுத்தமே கூடாது, ரேசரின் எடை போதும். பிடியின் அடிப்பக்கமாக இரண்டு விரல், கட்டைவிரல், அவ்வளவுதான். மேல்மூடியைக் கன்னத்தில் படிய வை, அப்போது பிடி முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும். அங்கிருந்து மெல்ல மெல்லப் பிடியைக் கீழே இறக்கிக்கொண்டே நகர்த்து. ஒரு இடத்தில் சரசரவென்று சத்தம் பிறக்கும். அதுதான் கோணம், ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும். அதற்கு மேல் இறக்கினால் பிளேடு முடியை விட்டுத் தோலைச் சுரண்ட ஆரம்பித்துவிடும். முரட்டு ரேசரில் இந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும், எனக்கு அதில் தனிப் பிரியம். சத்தம் அடங்கிவிட்டால் அந்த இடத்தில் முடி இல்லை, திரும்ப அங்கே போகாதே. எரிச்சலில் பாதி, முடி இல்லாத இடத்தில் நுரையும் இல்லாமல் மறுபடி இழுப்பதால் வருவது.

மீதிப் பாதி திசை. ஒரு நாள் ஷேவ் பண்ணாமல் விட்டு, விரல் நுனியால் கழுத்தைத் தடவிப் பார். எந்தப் பக்கம் தடவினால் வழுக்குகிறதோ, அதுதான் முடி வளரும் திசை. பலருக்குத் தாடைக்குக் கீழே முடி பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், காறையெலும்புக்கு மேலே கீழிருந்து மேலாகக்கூட வளரும். உனக்கும் அப்படி இருந்தால், நீ மேலிருந்து கீழே இழுக்கிற முதல் இழுப்பே எதிர்ப்பக்கம்தான். முரட்டு ரேசர் அதைப் பொறுக்காது. கழுத்தில் வளரும் திசையிலேயே ஒரு முறை, குறுக்கே ஒரு முறை, அதோடு விட்டுவிடு. எதிர்ப்பக்கம் வேண்டாம்.

பிளேடை மாட்டும்போது அதன் குட்டை ஓரங்களைப் பிடித்துக்கொண்டே திருகு, இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பார். ஒரு பக்கம் மட்டும் கடிக்கிறது என்றால் பெரும்பாலும் பிளேடு கோணலாக உட்கார்ந்திருக்கும். இந்த மாதம் பிளேடு பிராண்டையும் மாற்றிப் பார்க்காதே, எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, ஈரத்தோடு படிகாரத்தைத் தேய். எங்கே சுரீரென்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறாய்.

மகனுக்கு மீசை அரும்பி, அவனும் இந்த ரேசரைக் கேட்கிறான் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். கொடுக்காதே. பூனைமுடிக்கு இது தேவையே இல்லை, பருக்களை வேறு சீவிவிடும். பழைய கில்லட் டெக் போல சாதுவான ஒன்றை வாங்கிக் கொடு, கை பழகட்டும். அவனுக்கு என் அன்பைச் சொல். கண்ணுக்குச் சொட்டு மருந்து எத்தனை நாள் விடச் சொல்லியிருக்கிறார்கள்? அதையும் எழுது.

உன் அன்பு நண்பன்