நம் கடையில் ஆம்ப்ளிஃபையர் கிட் வாங்குகிறவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

சென்னை ரிச்சி தெருவில் நம் கடைப் படி ஏறியவர்களுக்கு 5200, 1943 டிரான்சிஸ்டர் போட்ட ஆம்ப்ளிஃபையர் போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கிட்டாக வாங்கிப் போய், ராத்திரி உட்கார்ந்து ஈயம் வைத்து, வீட்டுக்கோ கோயில் மைக் செட்டுக்கோ ஆம்ப் செய்துகொண்டவர்கள் நீங்கள். இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. "அந்தக் கடையில் டூப்ளிகேட் டிரான்சிஸ்டர், சுவிட்ச் போட்டதும் படார்" என்கிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும்.

டூப்ளிகேட் என்ற சொல்தான் தாங்க முடியவில்லை. புது லாட் வந்ததும் ஒன்றை எடுத்துச் சுத்தியால் உடைத்து, உள்ளே சிலிக்கான் சில்லு எவ்வளவு பெரிது என்று பார்த்த பிறகுதான் மற்றதைப் பிரிக்கிறோம். போலியில் சில்லு பொடிசாக இருக்கும். அப்படி இரண்டு லாட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

குரல் பதிவு போட்ட அந்த நண்பரே போர்டைக் கொண்டுவந்தார், நல்லதாகப் போயிற்று. கவுண்டரில் வைத்துக் கழற்றினோம். டிரான்சிஸ்டரின் சூட்டை ஹீட் சிங்க் என்ற அலுமினியத்துக்குக் கடத்தும் வெள்ளைப் பேஸ்ட் தாராளமாகத் தடவியிருந்தார், இரண்டுக்கும் நடுவில் கரண்ட் பாயாமல் தடுக்கும் மைக்கா மட்டும் இல்லை. நான்கு மைக்காவும் கிட் கவரின் மூலையில் அப்படியே கிடந்தன. 5200-இன் நடுக்கால் கலெக்டர் என்ற முனை, முதுகுத் தகடும் அதுவேதான். 24-0-24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால், டிசி ஆனதும் 5200-இன் முதுகில் பிளஸ் 33 வோல்ட், 1943-இன் முதுகில் மைனஸ் 33 வோல்ட். இரண்டையும் ஒரே ஹீட் சிங்க்கில் வெறுமனே இறுக்கினால் 66 வோல்ட்டும் அலுமினியம் வழியாக ஷார்ட். கருகியது ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜும் போர்டில் ஒரு தடமும். டிரான்சிஸ்டர் நான்கும் மீட்டரில் நன்றாகவே காட்டின. மைக்கா வைத்து, பிரிட்ஜ் மாற்றி, அதே டிரான்சிஸ்டரில் அரை மணி நேரம் பாட்டு ஓடியது. அதற்குக் குரல் பதிவு எதுவும் வரவில்லை, சரி.

மைக்கா வைத்த பிறகு மீட்டரை கன்டினியுட்டியில் போட்டு நடுக்காலையும் ஹீட் சிங்க்கையும் தொட்டுப் பாருங்கள், பீப் வரக்கூடாது. பழைய 3055 டிரான்சிஸ்டரில் பழகியவர்கள் திருகுக்குப் போடும் பிளாஸ்டிக் புஷ் எங்கே என்கிறார்கள். 5200-இல் திருகு ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக்தான், புஷ் வேண்டாம். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் மெயின் லைனில் 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள், எல்இடி பல்பு உதவாது. பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது, எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் மாட்டும் முன் அவுட்புட்டில் டிசி பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் மாட்டாதீர்கள்.

முன்பு இதையெல்லாம் கவரைக் கொடுக்கும்போதே நம் கடைத் தம்பி வாயால் சொல்லி அனுப்புவார். அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். பிஎஃப் உண்டு, வாழ்த்தித்தான் அனுப்பினோம். ஆனால் ஈயம் வைத்து டெஸ்ட் செய்த போர்டு கேட்பவர்கள் இனி பத்து நாள் பொறுக்கணும். கிட்டில் அச்சடித்த தாள் ஒன்று வைக்கிறோம். அதை முன்பே வைத்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

செம்புக் கம்பி விலை உங்களுக்கே தெரியும். 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மருக்கு 150 ரூபாய் ஏற்றியிருக்கிறோம், கிட்டுக்கு 70. அலுமினியக் கம்பி சுற்றியது மலிவாகக் கிடைக்கிறது. அதே சைஸில் கூடுதலாகச் சூடாகும், விற்க மனசு வரவில்லை.

அப்புறம், போன மாதக் கிட் சிலவற்றில் 63 வோல்ட் கெபாசிட்டருக்குப் பதில் 50 வோல்ட் போயிருக்கிறது. 24-0-24-க்குப் போதும். 35-0-35 போடுகிறவர்கள் மட்டும் வந்து மாற்றிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

குரல் பதிவுக்குக் கீழே "நான் எட்டு வருஷமாக அங்கேதான் வாங்குகிறேன்" என்று பதில் போட்டவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இன்னும் பழைய 4440 ஐசி போர்டையே விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் திருவள்ளூர் சவுண்ட் சர்வீஸ் அண்ணனுக்கும் சேர்த்துத்தான்.

கவுண்டரில் சீரிஸ் பல்பு ஒன்று மாட்டி வைத்திருக்கிறோம். பயமாக இருந்தால் போர்டையும் டிரான்ஸ்ஃபார்மரையும் தூக்கிக்கொண்டு வாருங்கள், இங்கேயே சுவிட்ச் போட்டுப் பார்க்கலாம். ஞாயிறு மட்டும் லீவு.

இப்படிக்கு,
கடைக்காரர்