சமத்துக்கு வராத தாளம்

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "அக்கா, நீ அனுப்பின பிரெஞ்சுக்காரர் இசையில கை எங்க போடுறதுன்னே தெரியல, தாளமே இல்லையே" என்றாய். பத்து வருஷமாக மிருதங்கம் வாசிக்கிற உனக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் வரும். அதனால்தான் உனக்கு அனுப்பினேன். போனில் சொல்லி முடியாது, எழுதுகிறேன்.

தாளம் இருக்கிறதடா. அதுவும் மூன்று இந்தியத் தாளங்கள். ராகவர்த்தனம், சந்திரகலா, லட்சுமீசம். 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் என்ற இசை நூலில் 120 தேசி தாளங்கள் வருகின்றன இல்லையா, அந்தப் பட்டியல் ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் அச்சாகியிருந்தது. நான் அனுப்பின அந்தப் பிரெஞ்சுக்காரர், ஒலிவியே மெசியான், அதைப் பார்த்தார். கற்றுக்கொடுக்க குரு யாரும் இல்லை. வெறும் எழுத்தை வைத்துக்கொண்டு தானே உட்கார்ந்து அலசினார். கச்சேரியில் நாமே இன்று போடாத தாளங்கள், பாரிஸில் தேவாலய ஆர்கன் கலைஞரான இவரின் கையில் உயிரோடு இருந்தன என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

சரி, உன் கை ஏன் தடுமாறியது? நீ கேட்டது, நான்கு வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் 'காலத்தின் முடிவுக்கான நால்வரிசை'யின் முதல் பகுதி. அதில் பியானோவை மட்டும் கவனி. அந்த மூன்று தாளங்களையும் கோத்து, நெடிலும் குறிலுமாக 17 கால அளவுகள் கொண்ட ஒரு சுற்று. அதன் மேல் 29 ஸ்வரக்கூட்டுகள், அதாவது பல ஸ்வரங்கள் ஒரே சமயத்தில் ஒலிப்பவை, கொண்ட இன்னொரு சுற்று. 17 முடிந்து மறுபடி தொடங்கும்போது, மேலே பதினெட்டாவது கூட்டு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் பகா எண்கள். 493 அடி போன பிறகுதான் இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தில் எடுக்க முடியும். ஆனால் அந்தப் பகுதியே மூன்று நிமிஷம் போல, தாளம் பத்துச் சுற்று வருவதற்குள் முடிந்துவிடுகிறது. எப்பேர்ப்பட்ட கணக்கு போட்டாலும் கோர்வையை, அந்த முடிப்பு அடுக்கை, கொண்டுவந்து தாளம் தொடங்கும் சமத்தில் இறக்குவதுதான் உனக்குப் பழக்கம். இவர் அந்தச் சமத்தையே எட்டாத தூரத்தில் வைத்துவிட்டார்.

ஏன் என்பதற்கு அந்தத் தலைப்பே பதில். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரு தூதன் கை உயர்த்தி "இனி காலம் செல்லாது" என்பானே, அந்த இடத்தை வைத்துத்தான் இதை எழுதினார். காலம் நின்றுபோவதை இசையில் எப்படிக் காட்டுவது? எண்ண முடியாதபடி செய்துவிடுவது.

எங்கே இருந்துகொண்டு எழுதினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1940இல் ஜெர்மன் படையிடம் பிடிபட்டு, கெர்லிட்ஸ் ஊரை ஒட்டிய போர்க்கைதி முகாமில் இருந்தார். கார்ல் ஆல்பர்ட் ப்ரூல் என்ற காவலர் காகிதமும் பென்சிலும் தேடிக் கொடுத்தார். கூட இருந்த கைதிகளில் கிளாரினெட், வயலின், செல்லோ வாசிக்கிறவர்கள் மூன்று பேர். அவர்களோடு, சில கட்டைகள் அழுத்தினால் திரும்ப எழாத ஒரு பியானோவில் தானும் உட்கார்ந்து, 1941 ஜனவரி 15 அன்று குளிரில் கைதிகள் முன்னால் அரங்கேற்றினார். செல்லோவில் மூன்று தந்திதான் இருந்தது என்று மெசியானே பிற்காலத்தில் சொல்லிவந்தார். வாசித்த எத்தியென் பாஸ்கியே, நான்கும் இருந்தன என்றார். எனக்கு பாஸ்கியேவின் பேச்சில்தான் நம்பிக்கை. நடந்ததே போதுமான அதிசயம்.

அப்புறம், இவருக்குப் பிடித்த ஒரு வித்தை உனக்கும் பிடிக்கும். முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே இருக்கும் தாளக்கட்டு. நம் 'விகடகவி' மாதிரி. ஆறாவது பகுதியில் நான்கு வாத்தியமும் ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து ஓடும்போது இது வரும். நடுநடுவே ஒரு சின்ன மாத்திரை கூடுதலாக ஒட்டிக்கொண்டு காலை இடறிவிடும். நீ சிரித்துவிடுவாய் பார்.

பறவைகளையும் விட்டுவிடக் கூடாது. முதல் பகுதியில் கிளாரினெட் கரும்பறவையாகவும் (பிளாக்பேர்ட்) வயலின் இராப்பாடியாகவும் (நைட்டிங்கேல்) பாடுகின்றன. பிற்காலத்தில் இவர் நோட்டுப் புத்தகத்தோடு காடுமேடெல்லாம் திரிந்து பறவைக் குரல்களை ஸ்வரப்படுத்தி, பியானோவுக்கு 13 உருப்படிகளாக ஒரு பெரிய தொகுப்பே செய்தார். அதில் சில எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரைச்சலும் இனிப்புமான இவருடைய 'துரங்கலீலா' சிம்பொனி கொஞ்சம் திகட்டவும் செய்யும். ஆனால் நால்வரிசையின் மூன்றாவது பகுதி, கிளாரினெட் மட்டும் தனியாக வருகிறதே, அதில் ஒரே ஒரு ஸ்வரம் நிசப்தத்திலிருந்து கிளம்பி மெல்ல மெல்லப் பெருத்து அறையையே நிரப்பும். ஊதுகிறவர் மூச்சு எங்கே தீரும் என்று நம் மூச்சும் நின்றுவிடும். அதற்காகவே இந்த மனிதரை ஆயுளுக்கும் கும்பிடலாம்.

இன்னொரு தடவை கேள். கை போட வேண்டாம், விட்டுவிடு. பொங்கலுக்கு வரும்போது மிருதங்கத்தையும் எடுத்து வா. நீ அந்தப் பதினேழைப் பிடி, நான் பக்கத்தில் உட்கார்ந்து 29 வரை எண்ணுகிறேன்.

அன்புடன்,
அக்கா