ஆண்டறிக்கை 2024–25: சாந்திநிகேதன் வளாகம்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கொல்கத்தாவில் இயங்கும் நம் கலை ஆர்வலர் சங்கம் இந்த ஆண்டு ஒரே பொருளை எடுத்துக்கொண்டது: மேற்கு வங்கத்துச் சாந்திநிகேதனில், ரவீந்திரநாத் தாகூர் நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழக வளாகத்தின் பழைய கட்டடங்களும் சுவரோவியங்களும். மாதக் கூட்டங்கள், சுண்ணாம்புப் பூச்சுப் பயிற்சி, நேரில் பார்வையிடல் என்று வேலை நடந்தது.

2023 செப்டம்பரில் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது தெரிந்ததே. ரவீந்திர பவன் அருங்காட்சியகமும் நுண்கலைப் பள்ளியான கலா பவனின் ‘நந்தன்’ காட்சிக்கூடமும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அவற்றோடு திரும்பிவிட்டால் பாதிகூடப் பார்த்ததாகாது. முக்கியமான படைப்புகள் சுவரிலேயே இருக்கின்றன. பல வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது வளாகத்தின் ஹிந்தித் துறைக் கட்டடமான ஹிந்தி பவனின் சுவரோவியம். கலா பவன் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி 1946–47-ல் மூன்று சுவர்களின் மேற்பாதியில் இடைக்காலத்து அடியார்களை வரைந்தார். கபீர், துளசிதாசர், சூர்தாசர் ஆகியோருடன் நம் ராமானுஜரும் இருக்கிறார். உதவிய மாணவர்களில் ஒருவர், பின்னாளில் பெயர்பெற்ற ஓவியர் கே. ஜி. சுப்ரமணியன். பிறவியிலேயே பார்வை குறைந்த முகர்ஜி முழு அளவு மாதிரிப்படம் வைத்துக்கொள்ளாமல் நேராக ஈரப்பூச்சின்மேல் வரைந்தார். அது எவ்வளவு துணிச்சல் என்பது பயிற்சியில்தான் உறுப்பினர்களுக்கு உறைத்தது.

பயிற்சி முறையைப் பதிவு செய்கிறேன். நீற்றிய சுண்ணாம்பை நீருக்கடியில் ஊறவைத்து வெண்ணெய்ப் பதம் வந்தபின் எடுத்தோம். கீழ்ப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய மணல். மெல்லிய மேல்பூச்சுக்குச் சலித்த பொடிமணல் சம அளவு. அன்று வரைந்து முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டுமே மேல்பூச்சு. வண்ணத்தில் பசை கிடையாது. தண்ணீரில் அரைத்த காவி, மஞ்சள் மண், விளக்குக் கரி மட்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சுண்ணாம்பு சேர்ந்து கல்லாகும்போது நிறத்தையும் பிடித்துக்கொள்கிறது. கெட்டுப்போனவை இரண்டு வகை. சுவரை முன்கூட்டி நனைக்காத இடத்தில் பூச்சு வெடித்தது. பூச்சு காய்ந்தபின் தீட்டிய நிறம் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காத சாயங்களும் வெளுத்துவிடும்.

பழைய சுண்ணாம்புச் சுவரில் விரிசல் கண்டால் சிமெண்ட் அடைப்பது நம்மவர் வழக்கம். சிமெண்ட் ஈரத்தை விடாது. அடைபட்ட ஈரம் பக்கத்துச் சுண்ணாம்பு வழியே வெளியேறும்போது உப்பு பூத்து வண்ணத்தைத் தள்ளிவிடும். ஊர்க் கோயில் திருப்பணிக் குழுவில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

சந்தால் பழங்குடிக் குடும்பம் ஒன்றைக் காட்டும், சிற்பி ராம்கிங்கர் பைஜின் ‘சந்தால் குடும்பம்’ (1938) சிலை வேறு கணக்கு. வெண்கலம் வார்க்கப் பணமில்லாத இடத்தில் இரும்புக் கம்பிச் சட்டகத்தின்மேல் சிமெண்டும் செம்புராங்கல் பொடிஜல்லியும் கலந்த கலவையை வீசியெறிந்து, இறுகும்போது செதுக்கியது. கிட்டே போனால் தோல் முழுக்கச் சிவந்த கூழாங்கற்கள் துருத்திக்கொண்டிருப்பது தெரியும். நுண்துளை வழியே நீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் துரு பருத்து மேல்கலவையைப் பிளந்துவிடும் என்பதே இவ்வகைச் சிலைக்குள்ள அபாயம். மேலே கூரை போட்டதால் பார்வை மறைகிறது என்று சிலர் குறைப்பட்டார்கள். செயற்குழுவின் கருத்து, கூரை இருக்கட்டும்.

மண் கட்டடங்களில் தாகூரின் வீடான ‘ஷ்யாமலி’ 1935-ல் எழுந்தது, கூரையும் மண்தான். வங்காள மழையில் மண் கூரை என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. தாகூர் அடுத்த ஆண்டே பக்கத்தில் ‘புனஸ்ச’ என்ற வேறு வீடு கட்டிக்கொண்டார். கலா பவனின் ‘காலோ பாரி’ என்கிற கறுப்பு வீட்டின் மண் சுவர்களில் புடைப்புச் சிற்பங்கள். மழைக்காகத் தார் பூசியது. தார் மண்ணைக் காக்கும், ஆனால் ஒவ்வொரு பூச்சிலும் நுண்ணிய கோடுகள் கொஞ்சம் நிரம்பிவிடும். அதனால் காலைச் சாய்வெயிலில் பார்த்தால்தான் உருவங்கள் எழும்பித் தெரியும். உச்சிப்பொழுதில் வெறும் கறுப்புச் சுவர்.

1891-ல் திறந்த உபாசனா கிருகம் என்ற வழிபாட்டு மண்டபத்தின் வண்ணக் கண்ணாடிகளை வெளியே நின்றே பார்த்தோம். புதன்கிழமை வளாகத்துக்கு வார விடுமுறை, வழிபாட்டு நாளும் அதுதான். அருங்காட்சியகம் பார்க்க நினைப்பவர்கள் புதனைத் தவிர்க்கவும். இறங்க வேண்டிய நிலையம் போல்பூர் சாந்திநிகேதன்.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். பயிற்சியில் மிஞ்சிய சுண்ணாம்பு தொட்டியில் நீருக்கடியில் இருக்கிறது. வரும் ஆண்டு ஜெய்ப்பூர் முறையில் சலவைக்கல் தூள் கலந்து, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றும் பூச்சுக்கு அது பயன்படும். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்