அம்மாவின் கட்டில் வரை வந்துவிட்டீர்கள், இன்னும் ஒரு முழம்தான்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு வணக்கம்.

என் அம்மா பீடி, சிகரெட் தொட்டதில்லை. நாற்பது வருடம் விறகடுப்பை ஊதியவர். அதில் வந்ததுதான் சி.ஓ.பி.டி. என்கிற நுரையீரல் நோய். போன வருடம் ஒரு காலையில் காபியில் உப்பைப் போட்டார். தலை பாரமாக இருக்கிறது என்று உட்கார்ந்தவருக்கு அப்படியே கண் சொருகிவிட்டது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறிவிட்டது என்றார்கள் டாக்டர்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது பைபேப் கருவி வாங்கச் சொன்னார்கள். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சு விட உதவும் கருவி அது. கடன் வாங்கித்தான் வாங்கினோம். ஆக்சிஜன் கொடுப்பது வேறு, தேங்கிய கரியமில வாயுவை வெளியேற்றுவது வேறு என்று அப்போதுதான் புரிந்தது. இப்படிப்பட்ட நோயாளிகளை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. வீட்டில் ஆக்சிஜன் மட்டும் வைத்துக்கொண்டவர்களில் பாதிப் பேர் 1.4 மாதத்துக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தார்கள், அல்லது இறந்துபோனார்கள். கருவியும் சேர்ந்தபோது அது 4.3 மாதமாகத் தள்ளிப்போனது.

ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது. மாஸ்க்கை இறுக்கினால் அம்மாவுக்கு மூக்குத்தண்டு புண்ணாகும். தளர்த்தினால் காற்று கசிந்து கண்ணில் அடிக்கும், அலாரம் கத்தும். விற்றவருக்கு போன் போட்டால், "ஸ்ட்ராப்பை இழுத்துக் கட்டுங்க" என்றார். இரண்டு வாரம் அம்மா அதைத் தொடவே இல்லை. அப்புறம் ஐ.சி.யு.வில் வேலை பார்த்த ஒரு அக்கா வந்தார். அம்மாவைப் படுக்கவைத்து, கருவியை ஓடவிட்டு, பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தினார். கசிவு நின்றது. ஐந்து நிமிட வேலை. அன்றிரவு அம்மா ஆறு மணி நேரம் தூங்கினார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய உங்கள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் பை வீட்டுக்கே வருகிறது. மூச்சுக் கருவியையும் அதில் சேருங்கள். வாங்க முடியாதவர்களுக்கு இரவலாகக் கொடுங்கள். தசைச்சிதைவு நோயால் மூச்சுத் தசை தளர்ந்துபோன பிள்ளைகளுக்கும் இதே கருவிதான் துணை. கருவி உள்ள வீடுகளுக்கு ஊர்வாரியாக ஒரு பட்டியல் இருந்தால், கரண்ட் நிறுத்தும் முன் அந்த வீடுகளுக்கு போனில் சொல்லலாம், பேட்டரிக்கும் வழி செய்யலாம்.

மாதாமாதம் உங்கள் தன்னார்வலர் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து பிரஷர் பார்க்கிறார். கருவி அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அதையும் பார்க்க அவருக்குக் கற்றுக்கொடுங்கள்.