நான்காம் பிரிவிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

இந்தக் கோடையோடு, ஜெர்மன் கால்பந்தின் நான்காம் பிரிவைச் சேர்ந்த ரெகியோனல்லிகா வெஸ்டில் என் ஆட்டம் முடிகிறது. நான் சென்டர் பேக், அதாவது நடுவில் நின்று எதிரணியைத் தடுப்பவன்; என் கோல் கணக்கைப் பேசி யாருக்கும் பயனில்லை. நேராக நன்றிக்கு வருகிறேன்.

முதலில் என் முதலாளிக்கு. ஜெர்மனியில் நான்காம் பிரிவில் ஆடும் பலருக்குப் பகலில் வேறு வேலை உண்டு. எனக்கு ஹீட்டர் குழாய் மாட்டும் வேலை. வார நடுவில் இரவு ஆட்டம் வந்தால் மதியமே "கிளம்பு, கிளம்பு" என்று விரட்டிவிடுவார். அலமானியா ஆஹன் கிளப் எங்கள் பிரிவில் இருந்த காலத்தில், 30,000 பேருக்கு மேல் கொள்ளும் அவர்களுடைய திவோலி மைதானத்தில் இரவு ஆடிவிட்டு, காலையில் யார் வீட்டு நிலவறையிலோ ஸ்பேனரோடு குனிந்திருப்பேன்.

முழங்கால் ஜவ்வு கிழிந்த காலத்தைச் சொல்லாமல் விட முடியாது. அப்போதிருந்த கிளப் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. சரி, இந்தப் பிரிவில் அது வழக்கம்தான். சம்பளத்துக்கு ஆடுபவன் மைதானத்தில் அடிபட்டால் அதுவும் பணியிட விபத்துதான் என்பதால், அறுவை சிகிச்சைச் செலவை வி.பி.ஜி. என்ற பணியிட விபத்துக் காப்பீடு பார்த்துக்கொண்டது. வேலை நேரம் முடிந்த பிறகும் என்னோடு உட்கார்ந்து காலை மடக்க வைத்தவர் எங்கள் பிசியோ. நான் கத்தியதற்கெல்லாம் அவர் அசரவே இல்லை.

கிளப் இல்லாத அந்தக் கோடையில் டூயிஸ்பர்க்கில் வி.டி.வி. நடத்திய முகாமுக்குப் போனேன். 1987இல் தொடங்கிய வீரர்கள் சங்கம் அது. ஒப்பந்தம் இல்லாதவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, மற்ற அணிகளோடு ஆடவும் விடுவார்கள். போனே அடிக்காத வாரங்களில் காலையில் பூட்ஸ் மாட்ட ஓர் இடம் கிடைத்தது பெரிய விஷயம். இன்றைய கோச் என்னை முதலில் பார்த்ததும் அப்படி ஓர் ஆட்டத்தில்தான்.

அப்புறம், டோர்ட்முண்ட், ஷால்கே ஆகிய பெரிய கிளப்களின் இரண்டாம் அணிப் பையன்களே! ஓடவிட்டே கொன்றீர்கள். உங்களில் சிலரைப் பிறகு முதல் பிரிவான புண்டஸ்லிகாவில் டிவியில் பார்க்கும்போது, "இவனை நான் தடுத்திருக்கிறேன்" என்று வீட்டில் பீற்றிக்கொள்கிறேன். ஒரே ஒரு தடவைதான் என்பதை மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள். விடுமுறை, கல்யாணம் எல்லாவற்றையும் ஆட்ட அட்டவணை பார்த்தே முடிவு செய்த பாவம் அவள்.

சம்பளம் வாங்காமல் கோடு போட்டவர்கள், ஜெர்சி துவைத்தவர்கள், மழையில் சாசேஜ் சுட்டவர்கள் எல்லோரும் கடைசி ஆட்டம் முடிந்ததும் கிளப் ஹவுசுக்கு வாருங்கள். முதல் சுற்று பீர் என் கணக்கு. இரண்டாவது கோல்கீப்பர் கணக்கு. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
உங்கள் சென்டர் பேக்