பென்லீ படகுக்காரர்கள் அரசு ஊழியர்கள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கடலில் சிக்கியவர்களை மீட்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் இங்கிலாந்தில் உயிர்காப்புப் படகுகளை அரசு நடத்துகிறது என்று ஒரு வரி வந்துவிட்டது. அது சரியல்ல. 1824-இல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. என்ற அறநிறுவனம்தான் நடத்துகிறது, அதுவும் மக்கள் தரும் நன்கொடையில். படகில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்த் தொண்டர்கள்.

அந்தத் தொண்டர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் மௌசல் என்று ஒரு மீனவர் ஊர். பக்கத்துப் பென்லீ முனையில் 1913 முதல் படகு நிலையம் இருந்தது. 1981 டிசம்பர் 19 இரவு, பேய்க்காற்றில் ‘யூனியன் ஸ்டார்’ என்ற சரக்குக் கப்பல் எஞ்சின் நின்றுபோய், பாறைக் கரையை நோக்கி அடித்துக்கொண்டு வந்தது. உள்ளே எட்டுப் பேர், கேப்டனின் குடும்பமும் சேர்த்து. ஹெலிகாப்டரால் ஒருவரையும் தூக்க முடியவில்லை. 8.12-க்குப் பென்லீயின் உயிர்காப்புப் படகு ‘சாலமன் பிரவுன்’ கடலில் இறங்கியது. 47 அடி மரப்படகு.

அதன் தலைவர் டிரெவெல்யன் ரிச்சர்ட்ஸ். தூத்துக்குடிப் பக்கம் தண்டல் என்போமே, அந்தப் பொறுப்பு. அழைப்பு வந்ததும் ஓடி வந்தவர்களில் ஓர் அப்பாவும் 17 வயது மகனும் இருந்தார்கள். அப்பாவை ஏற்றிக்கொண்டு பையனைக் கரையிலேயே நிறுத்திவிட்டார். இந்த மாதிரி ராத்திரியில் ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் வேண்டாம் என்றாராம். இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். திரும்பாமல் போகலாம் என்று தெரிந்தேதானே அந்த மனிதர் கிளம்பியிருக்கிறார்!

நாலு பேரை எடுத்துவிட்டோம் என்று படகிலிருந்து ரேடியோவில் குரல் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. படகில் போன எட்டுப் பேர், கப்பலில் இருந்த எட்டுப் பேர், ஒருவரும் மிஞ்சவில்லை.

ஒரே நாளில் புதுப் படகுக்குப் போதுமான ஆட்கள் அதே ஊரிலிருந்து பெயர் கொடுத்துவிட்டார்கள். சாவு விழுந்த வீடுகளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர்கள். 1983-இல் நிலையம் நியூலின் துறைமுகத்துக்கு மாறியது. பழைய கொட்டகையும் படகு சறுக்கி இறங்கும் சரிவும் நினைவிடமாக நிற்கின்றன. டிசம்பர் 19 வந்தால், இரவு 8 மணியிலிருந்து ஒரு மணி நேரம் மௌசலில் கிறிஸ்துமஸ் விளக்குகளைத் தணித்துவிடுகிறார்கள்.

கரையில் நிறுத்தப்பட்ட அந்தப் பையன், பிற்காலத்தில் பென்லீ படகுக்கே தண்டல் ஆனார். அடுத்த இதழில் திருத்தம் போடும்போது இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தூத்துக்குடி வாசகர் ஒருவர்